கூட்டா, கிரயமா?

அந்நிய ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்வது நன்றா, அதை விலைக்கு வாங்குவது நன்றா? இக்கேள்விக்கு ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியின் சரித்திரம் தக்க விடை அளிக்கிறதென்று கருதுகிறோம்.

1980-களில் இக்கம்பெனி ஜப்பானிய சுஸுகியுடன் கூட்டுச் சேர்ந்தது. 2001-இல் அக்கூட்டு கலைந்தது. ஆயினும் கற்ற தொழில் கலையவில்லை. அவ்வாண்டிலேயே சுயமுயற்சியால் 'விக்டர்' மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 2013-இல் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ.வுடன் செய்த உடன்படிக்கையின் பயனாக, ஜி 310 வண்டிகள் ஓசூரிலே உற்பத்தியாகி அயல்நாடுகளுக்கும் சென்றன.

அதன் பின்னரே கிரயம் வந்தது. 1898-இல் தோன்றிய ஆங்கிலேய நார்ட்டன் கம்பெனியை 2020-இல் டி.வி.எஸ். வாங்கிற்று. விலை 1 கோடியே 60 லட்சம் பவுன். அதைச் சீர்தூக்கி நிறுத்த 2022-இல் அறிவித்த முதலீடோ 10 கோடி பவுன்!

கூட்டாளியின் மனம் மாறினால் கூட்டு முறியும். அது அதன் குறை. கிரயத்தில் உரிமையோடு சுமையும் நம்முடையதாகிறது. பெயரைப் பணத்தால் பெறலாம். திறமையைப் பயின்றே பெறவேண்டும். ஆதலால் எந்த ஒப்பந்தம் வரினும், "இதனால் நம் தொழிலாளரும் எஞ்சினியர்களும் கற்பது யாது?" என்று முதலில் கேட்பது தேசாபிமானிகளின் கடமையாகும்.