துருவேறிய கல்லைத் தூக்கி எறியாதிருங்கள்



விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று, பெற்றோரின் பழைய வீட்டை ஒழித்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் நம்மில் அநேகம். அவ்வேளையில் பரணிலிருந்து இறங்கி, நேரே பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுவது துருப்பிடித்த தோசைக்கல்லும் பணியாரக்கல்லுமே. எடைக்குக் கிடைப்பது சொற்பப் பணம். நகரத்துக்கு வந்தபின் அதேபோன்ற வார்ப்பிரும்புக் கல்லைப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்குகிறோம். இந்த நஷ்டத்தைத் தவிர்க்க ஒரு காரியத்தை அறிந்திருந்தால் போதும்: துருவை நீக்கலாம், விரிசலை நீக்க முடியாது.

வார்ப்பிரும்பு என்பது 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்த இரும்பு. அதை உருக்கி மணல் அச்சில் ஊற்றுகிறார்கள். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-ல் காப்புரிமை பெற்றார். கரி மிகுந்திருப்பதால் இவ்விரும்பு வளையாது. கீழே விழுந்தால் உடைந்துபோகும்.

இனி, பழைய கல்லை எப்படிச் சோதிப்பது?

முதலாவது, காந்தம். அது ஒட்டாவிட்டால் பொருள் அலுமினியமாக இருக்கலாம்.

இரண்டாவது, அமைப்பு. வார்த்த பாத்திரத்தில் காதும் உடலும் ஒரே வார்ப்பாக இருக்கும்; அடியில் மணலின் சொரசொரப்பும், உருகிய இரும்பு உள்ளே பாய்ந்த இடத்தில் ஒரு தழும்பும் காணப்படலாம். தகட்டில் செய்ததோ மெல்லியதாயிருக்கும். அதன் பிடியை ஆணி அறைந்தோ பற்றவைத்தோ பொருத்தியிருப்பார்கள்.

மூன்றாவது, ஓசை. கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. ஓசை மழுங்கி நின்றால் விரிசல் உண்டோ என்று வெளிச்சத்தில் கவனமாய்ப் பாருங்கள்.

நான்காவது, சமதளம். தரையில் வைத்து அழுத்தும்போது ஆடினால் அடி கோணியிருக்கிறது. அது எரிவாயு அடுப்புக்கு உதவும், மின்காந்த அடுப்புக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பாத்திரங்களைச் சேகரிப்போர் திரளானோர். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865-ல் தொடங்கிய கிரிஸ்வோல்ட், ஒகாயோவின் சிட்னி நகரில் 1891-ல் தொடங்கிய வாக்னர் ஆகிய நிறுவனங்களின் வாணலிகளை அவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். கிரிஸ்வோல்ட்டின் ஈரி ஆலை 1957-ல் மூடப்பட்டது. அடியிலுள்ள முத்திரையின் வடிவத்தைக்கொண்டே காலத்தைக் கணிக்கிறார்கள். ஆகவே போலி முத்திரைகளும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைக் கற்களிலோ பெரும்பாலும் முத்திரை இராது. நம்முடைய கண்ணும் கையும் காதுமே சாட்சி.

ஓர் எச்சரிக்கை. மும்பை சோர் பஜார் போன்ற பழம்பொருள் சந்தையில் முன்பின் அறியாத சட்டியை வாங்குகிறவர்கள் ஜாக்கிரதையாயிருங்கள். சிலர் வலைக்குண்டு வார்க்க இரும்புச்சட்டியில் காரீயம் உருக்குவதுண்டு. வெள்ளிபோன்ற சாம்பல்நிறப் படிவு தெரிந்தால் அதைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். தேய்த்தாலும் அந்த நஞ்சு போய்விட்டதென்று நம்ப இயலாது.

துருவை நீக்குவது எளிது. வினிகரும் தண்ணீரும் சமஅளவு கலந்து அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். துரு மீந்தால் மறுபடியும் செய்யுங்கள். உடனே அடுப்பில் உலர்த்துங்கள். நல்லெண்ணெயை மெல்லப் பூசி, பூசியதே தெரியாதபடி துடைத்து, புகை அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் எண்ணெய் இறுகிக் கரிய படலமாகும். துரு போகட்டும் என்று பெருநெருப்பில் போடாதீர்கள். சூடான கல்லில் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே கல்லைக் கெடுக்கும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். வார்ப்பிரும்பில் சமைக்கையில், விசேஷமாகப் புளிப்புள்ள பதார்த்தங்களில், சிறிது இரும்புச்சத்து சேருகிறது. ஆனாலும் அது மருந்துக்கு ஈடாகாது. தலசீமியா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே பயன்படுத்தவேண்டும். புளிக்குழம்பைச் சட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் கரைந்து, ருசியும் மாறிவிடும்.

ஆகவே, அடுத்தமுறை பரணைத் திறக்கும்போது தராசைக் கூப்பிடுமுன் கல்லை ஒருமுறை தட்டிப்பாருங்கள். நன்றாய் ஒலித்தால், சாக்கில் சுற்றி ரயிலேற்றுங்கள். அதை யார் வாங்கினார்கள், எந்த ஊர்ச் சந்தையில், எந்த வருஷத்தில் என்று வீட்டின் மூத்தவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். முத்திரையில்லாத கல்லுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையே முத்திரை. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.