நீலப் படங்களும் இரசாயன அறிவும்

"கலையை நுகர்வதற்கு இரசாயனம் எதற்கு?" என்று வினவும் இலக்கிய அன்பர் பலர். நுகர்வதற்கு வேண்டாதிருக்கலாம், காப்பதற்குக் கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. சயனோடைப் எனப்படும் நீல ஒளிப்படங்களை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன்.

இம்முறையை 1842ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் ஆங்கில வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். பெரிக்கு அமோனியம் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளிற் பூசி, இருளில் உலர்த்தி, மேலே ஓர் இலையையோ வரைபடத்தையோ வைத்து வெயிலிற் காட்டுவர். கழியூதாக் கதிர் பட்ட இடத்தில், சித்திரேற்று இலத்திரனை வழங்க, மூவலு இரும்பு ஈர்வலு இரும்பாகத் தாழ்த்தப்படுகிறது. அவ்விரும்பு பெரிசயனைட்டுடன் சேர்ந்து பிரசிய நீலமாகிறது. இந்நீலம் நீரிற் கரையாது. ஒளி படாத இடத்து உப்புக்களோ கரைந்துவிடும். ஆகவே வெறும் நீரிற் கழுவினாலே நீலப் பரப்பில் வெண்ணுருவம் எஞ்சி நிற்கும்.

அன்னா அட்கின்ஸ் அம்மையார் பிரித்தானியக் கடற்பாசிகள் பற்றி 1843இல் வெளியிடத் தொடங்கிய நூல் இவ்வாறு ஆக்கப்பட்டதே. பாசிகளைத் தாளின்மேற் கிடத்திப் படமாக்கிய அவர், தம் கையெழுத்தையும் நீலத்திலேயே பதித்தார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூல் இதுவென்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இத்தகைய படங்களைப் பேணுவது எவ்வாறு? பழைய தாள்களை அரிப்பது அமிலம். அதனால் கல்சியம் காபனேற்றுச் சேர்த்த உறைகளில் அவற்றை இட்டு வைப்பது நூலகங்களின் நல்வழக்கம். ஆனால் அதே உறை நீலப் படத்துக்குப் பகையாகிறது. காரம் பிரசிய நீலத்தைச் சிதைத்து, இரும்பின் ஐதரொட்சைட்டாக மாற்றும்; படம் மஞ்சட் கபிலமாக மங்கும். அவ்விழப்புத் தானாக மீளாது.

இனி, நெடுநாள் வெளிச்சத்தில் தொங்கி வெளிறிய படத்தை அழிந்ததென்று கழித்துவிடுவோரும் உளர். அது அவசர முடிவாகும். அங்கே ஒளி நீலத்தை நிறமற்ற வடிவமாகத் தாழ்த்தியிருக்கிறது, அவ்வளவே. படத்தை இருளில், காற்றுப் படும்படி சில நாள் வைத்தால், ஒட்சிசன் அதனை மீண்டும் ஒட்சியேற்றும். நீலம் பெரும்பாலும் திரும்பும்.

ஆக, காக்கும் எண்ணத்துடன் இட்ட உறை படத்தை அழிக்கக்கூடும். அழிந்ததாகத் தோன்றும் படம் பிழைக்கவுங்கூடும். இவ்வேறுபாட்டைக் காட்டித்தருவது கலையுணர்ச்சியன்று. ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் பற்றிய எளிய பாடமே. அப்பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் உரியதென ஒதுக்காது, பழம்பொருள் காக்கும் கருவியாகவும் ஆசிரியர்கள் கற்பித்தல் வேண்டும். நூலையும் ஓவியத்தையும் போற்றும் நாமும், அவை எப்பொருளால் ஆனவை என்று முதலிற் கேட்கப் பழகுவோமாக.