கட்டையைக் கொதிக்க வைக்குமுன்

மீன் தொட்டியில் டிரிஃப்ட்வுட் வைக்க ஆசைப்படுவோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரியானது: கட்டையைத் தேய்த்துக் கழுவுங்கள், கொதிக்க வையுங்கள், ஊறப் போடுங்கள், பிறகு தொட்டியில் இறக்குங்கள். இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கட்டை எங்கே கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆலைகளும் சாலைப் போக்குவரத்தும் எட்டாத ஓர் ஓடையோரத்து வேருக்கு இந்த முறை போதும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பகுதியில் பொறுக்கிய கட்டைக்குப் போதாது. இங்கே மீன் வளர்ப்பவர் அடுப்பைப் பற்ற வைக்குமுன் கட்டையின் பூர்வீகத்தை விசாரித்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

கொதிநீரால் ஆகக்கூடியவை மூன்று. கட்டைக்குள் இருக்கும் பூச்சிகள், முட்டைகள், பூஞ்சை ஆகியவற்றில் பெரும்பாலானவை சாகும். மரத்தின் நுண்குழாய்களில் அடைபட்ட காற்று வெளியேறி நீர் புகுவதால், மிதக்கும் கட்டை சீக்கிரம் மூழ்கும். டானின் என்னும் துவர்ச்சத்தில் ஒரு பங்கு கரைந்து போகும். உலோகமோ உயிரி அல்ல, வெந்து சாவதற்கு. செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் நூறு டிகிரி வெப்பத்தில் அழியாது. எஞ்சின் ஆயிலும் வெறும் வெந்நீரில் கரைவதில்லை. உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய அதே குழாய்கள், காய்ந்த பின் எந்தத் திரவத்தில் கிடந்தாலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பில் உள்ளது கழுவினால் போகும். ஆழத்தில் உள்ளது தொட்டிக்குள் மெல்ல மெல்லக் கசியும். அறுபது லிட்டர் தொட்டியில் அந்தக் கசிவு போய்ச் சேர வேறு இடமில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்தை இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் ஊற்றக்கூடாது என்று கடைக்காரர்கள் எச்சரிப்பதே, எவ்வளவு குறைந்த செம்பு அந்த உயிர்களுக்கு எமனாகும் என்பதற்குச் சான்று.

இந்த வட்டாரத்தில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தில் முதலாவது, ஆலைகளிலிருந்து கழித்துக் கட்டப்படும் பேலட்டும் மரப்பெட்டியும். 1998-இல் ஹூண்டாய், 2010-இல் ரெனோ-நிசான், அடுத்தடுத்து டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்கான உதிரிபாகங்கள் மரச்சட்டங்களில் ஏறி வருகின்றன. உடைந்த சட்டங்கள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. எல்லை தாண்டும் மரப்பொதிகளில் கோதுமைக் கதிர் முத்திரையும் ‘ஹெச்.டி.’ என்ற எழுத்துகளும் இருக்கும். அதைப் பார்த்து, வெப்பத்தில் சுத்திகரித்த மரம், தொட்டிக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிமுறைப்படி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் நிலைத்தது என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். ஒரு நாட்டின் மரப்பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுக்க வந்த விதி அது. முத்திரை குத்திய பிறகு அந்தச் சட்டத்தின் மேல் என்ன எண்ணெய் சிந்தியது என்பதற்கு அது பொறுப்பேற்காது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டிய மரம். போதாக்குறைக்கு இப்பெட்டிகளில் பல, பிசின் நிறைந்த பைன் மரம். ஒட்டுப்பலகையாக இருந்தால் பசையும் சேரும். இவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இரண்டாவது, ஏரிக்கரை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் இந்தச் சங்கிலித்தொடர் அமைப்பு நம் முன்னோரின் பெரிய கொடை. ஆனால் நீரோடு சேர்ந்து, சாலையிலிருந்து கழுவி வரும் எண்ணெயும் டயர்த் துகளும் பிரேக் தேய்மானத்துச் செம்பும் அதே வழியில்தான் பயணம் செய்யும். எல்லா ஏரியும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. கரையில் ஒதுங்கிய கட்டையைக் கண்ணால் பார்த்து, நல்லது எது கெட்டது எது என்று பிரிக்க முடியாது என்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்துப் போயின. அது கண்ணுக்குத் தெரிந்த மாசு. கரைந்திருக்கும் உலோகத்துக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

ஏரியிலேயே மீன் வாழ்கிறதே, ஏரிக்கட்டை தொட்டி மீனை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஏரியில் வாழ்வது ஜிலேபிக் கெண்டை. எதையும் தாங்கும் மீன். அது பிழைத்த நீரில் டெட்ராவும் இறாலும் பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏரியின் நீர்ப்பரப்போடு அறுபது லிட்டரை ஒப்பிடவும் முடியாது. தவிரவும், நீரில் விழுந்து கிடக்கும் கிளை சிறு மீன்களுக்கு ஒளிவிடம், நீர்க்காகத்துக்கு இறகு காயவைக்கும் இடம். அதை அங்கேயே விட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

வினோதம் என்னவென்றால், அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு, தீங்கற்ற டானினுக்குத்தான் பலர் அஞ்சுகிறார்கள். தண்ணீர் தேநீர் நிறமானதும் பதறி, கட்டையைத் தூக்கி எறிகிறார்கள். அமேசானின் ரியோ நீக்ரோ ஆற்று நீர் இயல்பிலேயே அந்த நிறம். கார்டினல் டெட்ராவின் தாயகங்களில் அதுவும் ஒன்று. ஃபைட்டர் மீன் வளர்ப்போர் வாதா மர இலையைத் தொட்டியில் போடுவதும் இந்தத் துவர்ப்புக்காகத்தான். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் தண்ணீரில் டானினால் பி.ஹெச். பெரிதாக இறங்குவதும் இல்லை. முதல் சில வாரங்களில் கட்டையின் மேல் படரும் வெள்ளை வழவழப்பும் அப்படியே. நத்தை தின்றுவிடும், அல்லது தானே மறையும்.

கடைக்கட்டை விலை அதிகம், மாதச் சம்பளத்தில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளி என்ன செய்வார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. விலை கொடுத்தாலும், கட்டை எந்த மரம், எந்த ஊர் என்று பெரும்பாலும் எழுதித் தருவதில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை வாங்குகிறவருக்கு வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. நீர்நிலைகளைக் கெடுக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த மரம் தமிழ்நாடெங்கும் வெட்டப்பட்டு, பெரும்பகுதி கரியாகவும் விறகாகவும் போகிறது. ஆலைகளுக்குத் தொலைவான மானாவாரி நிலத்தில் தோண்டிய அதன் முறுக்கு வேர், பட்டை நீக்கி முற்றக் காய்ந்தால், தொட்டிக்கு ஏற்ற கட்டை ஆகக்கூடும். அதன் சாறு மீனுக்கும் இறாலுக்கும் என்ன செய்கிறது, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று முதலில் சோதிக்க வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இந்தச் சோதனையைச் செய்து முடிவைத் தமிழில் வெளியிடட்டும். அதுவரை, ஊர் தெரியாத கட்டை வைத்திருப்பவர், பக்குவப்படுத்திய பின் அதைத் தனி வாளியில் சில நத்தைகளோடு இரண்டு வாரம் போட்டுப் பார்க்கலாம். நத்தை சுருங்கி அசையாமல் கிடந்தாலோ நீரின் மேல் வானவில் படலம் மிதந்தாலோ அந்தக் கட்டை தொட்டிக்கு ஆகாது. நத்தை பிழைத்தாலும் இறால் தொட்டிக்கு அதை நம்ப வேண்டாம்.