உம்மாவின் பொலித்தீன் பையும் நம்முடைய ஜீமெயிலும்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள். 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் ஓடியபோது உம்மா அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தா. அந்தப் பையை மட்டும் விடவில்லை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து உறவுகள் வாகரைக்கு ஓடியபோதும் இதே கதைதான். 2004 சுனாமியில் பையைக் கடலுக்குக் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க எத்தனை நாள் அலைந்தார்கள் என்று சொல்வார்கள்.

இன்றைக்கு அந்தப் பை எங்கே இருக்கிறது?

பாதி வீட்டு அலுமாரியில். மீதிப் பாதி ஜீமெயிலில், கூகுள் ட்ரைவில், வட்ஸ்அப்பில். பிள்ளையின் பெறுபேறு, அடையாள அட்டையின் போட்டோ, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் கணவரின் விசாப் பிரதி என்று எல்லாம் அங்கேதான். ‘கிளவுட்’ என்று சொல்கிறார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், ஒரு பெரிய கட்டடத்துக்குள், வேறு ஒருவருடைய கணினியில் இருக்கிறது. அவ்வளவுதான்.

நம் கிராம சேவகருக்கு நம் முகம் தெரியும். இன்னாரின் மகள் என்று தெரியும். அந்தக் கட்டடத்தில் இருக்கும் கணினிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாஸ்வேர்டும் ஒரு போன் நம்பரும். அவை இரண்டும் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அதற்கு நீங்கள்.

இதை நான் ஒரு பிள்ளையிடமிருந்து படித்தேன்.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக ஒன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஒரு மாணவியும் அவளுடைய அம்மாவும் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைக்கு நல்ல இசட் புள்ளி. ஆனால் முகம் செத்துப் போயிருந்தது.

“சேர், மெயிலுக்குள்ள போக ஏலாம இருக்கு. கோட் ஒண்டு வருமாம். எங்கட போனுக்கு வரல்ல.”

“யார்ர நம்பர் குடுத்து திறந்த மெயில்?”

“சாதாரண தரத்துக்குப் பிறகு கொம்யூனிகேஷன்ல அந்த அண்ணாதான் திறந்து தந்தவர் சேர். அவர்ர நம்பர்தான்.”

அந்தக் கடை மூடி ஒரு வருடம். அண்ணா கட்டாரில். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று நாள். அவருடைய தம்பியைத் தேடிப்பிடித்து, அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, பெட்டிக்குள் கிடந்த இலங்கை சிம்மைப் போனில் போட வைத்து, ஆறு இலக்கங்களை வாங்கினோம். முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு விண்ணப்பம் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளை போன பிறகுதான் எனக்கு மற்றது உறைத்தது. அந்தத் தம்பி நினைத்திருந்தால் அவ்வளவு காலமும் எந்த நேரத்திலும் அவளுடைய கணக்கைத் திறந்திருக்கலாம். அவளுடைய படங்கள், கடிதங்கள், அடையாள அட்டை எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம். அவர் நல்ல மனிதர், செய்யவில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருக்கும் வரைக்கும்தான் நம் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றால், அதை எப்படிப் பாதுகாப்பு என்று சொல்வது?

“நம்மட்ட என்ன சேர் இருக்கு களவெடுக்க?” என்று கேட்பவர்கள் உண்டு. களவெடுப்பவருக்கு உங்கள் பணம்தான் வேண்டும் என்றில்லை, உங்கள் பெயரே போதும். உங்கள் வட்ஸ்அப்பைப் பிடித்தால், உங்கள் பெயரில் உங்கள் மச்சானிடம் அவசரமாகக் காசு கேட்கலாம். அவர் உங்களை நம்பித்தானே அனுப்புவார்? “தவறுதலா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திருக்கு, அதைக் கொஞ்சம் அனுப்புங்க” என்று தெரிந்தவருடைய கணக்கிலிருந்தே செய்தி வரும். அனுப்பினால் முடிந்தது. இதைப் பற்றி நம் நாட்டின் கணினி அவசரத் தயார்நிலைக் குழு, அதாவது சேர்ட், எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது.

சாதாரண மக்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அரசாங்கத்துக்கே நடந்தது.

2023 ஆகஸ்ட் 26 அன்று ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்ற அரசாங்க முகிலின் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் அதில் அடக்கம். தொகுதியைக் கொஞ்ச நேரத்தில் திரும்ப இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனவை போனவைதான். அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் வைத்த பிரதி இருக்கவில்லை. இருந்த பிரதியும் அதே தாக்குதலில் அகப்பட்டது. பாவித்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைத் தயாரித்த மைக்ரோசொப்ட் நிறுவனமே 2023 ஏப்ரலில் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை என்றார்கள்.

உம்மாவுக்குத் தெரிந்த விசயம் இது. காணி உறுதியின் ஒரு பிரதியை வீட்டில் வைத்தா, இன்னொன்றை மாமி வீட்டில் வைத்தா. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் வெள்ளம் வரும்போது இரண்டும்தானே நனையும்!

உலகத்தின் பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2024இல் ‘ஸ்னோஃப்ளேக்’ என்ற கிளவுட் நிறுவனத்தில் தகவல்களை வைத்திருந்த சுமார் 165 நிறுவனங்களுக்கு ஆபத்து வந்தது. யாரும் சுவரை உடைக்கவில்லை. முன்பே களவுபோன பாஸ்வேர்ட்களைப் போட்டு முன்வாசலால் போனார்கள். சில பாஸ்வேர்ட்கள் வருடக்கணக்காக மாற்றப்படாதவை. பாதிக்கப்பட்ட கணக்குகளில் இரண்டாவது பூட்டு, அதாவது இரண்டு கட்டச் சரிபார்ப்பு, போடப்பட்டிருக்கவில்லை. போடுவதா இல்லையா என்பதை வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். மைக்ரோசொப்ட் தன் கிளவுட்டை நிர்வகிப்பவர்களுக்கு இரண்டாவது பூட்டைக் கட்டாயமாக்கத் தொடங்கியதும் அதே 2024இன் ஒக்டோபரில்தான்.

இரண்டாவது பூட்டு என்றால் என்ன? வங்கியில் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் காசு தருவார்களா? கையொப்பமும் பொருந்த வேண்டும். அதுபோல நமக்குத் தெரிந்த ஒன்று, நம் கையில் இருக்கும் ஒன்று. பாஸ்வேர்ட் தெரிந்தது, போன் கையில் இருப்பது. பாஸ்வேர்டைக் களவெடுத்தவனிடம் உங்கள் போன் இருக்காது.

“சிக்னல் இல்லாத ஊர், வீட்டுக்கு ஒரு போன், கோட் வராவிட்டால் நாமே வெளியில நிக்க வேண்டி வருமே?” நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துக்கு இதுதான் உண்மையான சிக்கல். ஆனால் வழி இருக்கிறது. சிக்னல் இல்லாமலே இலக்கம் காட்டும் ‘ஓதென்டிகேட்டர்’ செயலி இலவசம். கூகுள் கணக்கில் ‘பெக்அப் கோட்’ என்று பத்து இலக்கங்கள் தரும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை பாவிக்கலாம். தாளில் எழுதி வைத்தால் போதும், போனே தேவையில்லை.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

பிள்ளையின் ஜீமெயிலைத் திறந்து, எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரருடையது, டியூஷன் சேருடையது, பாவிக்காமல் விட்ட சிம் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். நாம் கைவிட்ட நம்பரைக் கொஞ்சக் காலத்தில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது பூட்டைப் போடுங்கள். வட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கப் பின் வைக்கும் வசதி இருக்கிறது.

கோட் கேட்பவர் யாராக இருந்தாலும், வங்கி என்றாலும், அதிபர் என்றாலும், ஏன் நான் கேட்டாலும், கொடுக்காதீர்கள். கணக்கு கைவிட்டுப் போனால் வெட்கப்படாமல் சேர்ட்டின் 101க்கு அழையுங்கள்.

கடையில் விண்ணப்பம் போட்டால் வெளியேறிவிட்டு எழும்புங்கள். அடையாள அட்டையின் படத்தைக் கடைக்காரரின் போனில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆசிரியர் சகோதரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பாவிப்பதும், அதைத் தாளில் எழுதிக் கணினிக்கு மேல் ஒட்டி வைப்பதும் நான் பார்க்காத விசயமா? நானும் செய்தவன்தான். பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோர் விபரம், வறுமை விபரம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அது நம்மிடம் தரப்பட்ட அமானிதம். இடமாற்றம் பெற்றுப் போன ஆசிரியரின் கையிலும் திறப்பு இருக்கிறதென்றால் அந்த அறைக்கு எதற்குக் கதவு?

கடைசியாக, மேலே இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது.

இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. விரல் அடையாளம், கண், முகம் எல்லாம் எடுப்பார்கள். நான் அதற்கு எதிரானவன் இல்லை. ஒரு சான்றிதழுக்காக நாள் கூலியை விட்டு பஸ் ஏறும் நம் மக்களுக்கு அது நன்மையாக அமையலாம். ஆனால் பாஸ்வேர்ட் களவுபோனால் மாற்றலாம். விரல் அடையாளம் களவுபோனால் புது விரலுக்கு எங்கே போவது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இலேயே நிறைவேறியது, 9ஆம் இலக்கச் சட்டம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, பின்தள்ளப்பட்டன. பூட்டு வர முன்னம் பெட்டியை நிரப்புவது சரியா?

நம் பகுதி மக்கள் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே ஒரு காலத்தைக் கழித்தவர்கள். நாம் யார் என்று நிரூபிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டும். எங்கள் விபரத்தை யார் திறக்கலாம், யார் திறந்தார் என்று எழுதி வைக்கிறீர்களா, இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கிறதா, களவுபோனால் எங்களுக்கு எத்தனை நாளில் சொல்வீர்கள்? பிரதேச செயலகக் கூட்டத்தில், பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம். கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

போன கிழமை என் பெக்அப் கோட் பத்தையும் தாளில் எழுதினேன். எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு, உம்மாவிடமே கொடுத்தேன். “இது என்ன மகன், பாடமா?” என்று கேட்டா. “காணி உறுதி மாதிரி ஒண்டு உம்மா” என்றேன்.

மறுபேச்சில்லாமல் பொலித்தீன் பையை எடுத்து, உறுதிக்குப் பக்கத்தில் வைத்தா.

உங்கள் வீட்டுப் பையிலும் அந்தத் தாளுக்கு இடம் இருக்கும். செய்யத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு போனைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம். பயனுள்ளது என்று நினைத்தால் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் பகிருங்கள். அவர்களுடைய பழைய நம்பரில்தான் இங்கே பல பிள்ளைகளின் கணக்குகள் இருக்கின்றன.