வெப்பப் பிணைப்புக்கு இடம் தராத விதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/904 உத்தரவுப்படி, 2021 ஜூலை 3 முதல் அங்கு விற்பனைக்கு வரும் வெட் வைப்ஸில் பிளாஸ்டிக் இருந்தால் உறையில் ஆமைப் படத்தோடு அதை அறிவிக்க வேண்டும். எது பிளாஸ்டிக் என்று விளக்கும் வழிகாட்டுதல் 2020 ஜூலைக்குள் வந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் அதை வெளியிட்டது 2021 மே மாத இறுதியில். செல்லுலோஸ் இழைகளான விஸ்கோஸுக்கும் லையோசெல்லுக்கும் விலக்கு கிடைத்திருக்கிறது, அது சரியான முடிவே. பாலியெஸ்டர் மாட்டிக்கொண்டதிலும் வியப்பில்லை. நம் கவலை, அளவு வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை என்பதுதான். பிணைப்புக்காக மட்டும் கொஞ்சம் பைகோ (உருகிப் பிணைக்கும் இருகூறு) இழை சேர்த்த ஏர்லெய்டும் (காற்றால் படியவைத்த துணி), பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கொண்ட ஸ்பன்லேஸும் (நீர்த்தாரையால் பிணைத்த துணி) ஒரே ஆமையைச் சுமக்கின்றன.

இழையைக் குறிவைத்து எழுதிய இந்த விதி, நடைமுறையில் பிணைப்பு முறையையே தீர்மானித்துவிடுகிறது. செல்லுலோஸ் உருகாது, கருகும். உருகும் இழை போனால், வெப்பத்தால் பிணைக்கும் காலண்டர் உருளைக்கும் த்ரூ-ஏர் அவனுக்கும் (சூடான காற்று அடுப்பு) வேலையில்லை. பெரும்பாலோருக்கு மிஞ்சுவது நீர்த்தாரைதான். ஸ்பன்லேஸில் இழைகள் ஒன்றோடொன்று பின்னி உராய்வால் நிற்கின்றன. சாதாரண விஸ்கோஸ் நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். வைப்ஸுக்கோ வேலையே நனைந்த நிலையில்தான். லையோசெல் இதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். ஜி.எஸ்.எம்.மை (சதுர மீட்டருக்கான எடை) ஏற்று, நீரழுத்தத்தைக் கூட்டு என்பார்கள். செய்யலாம். அழுத்தம் கூடக் கூடத் துணி இறுகி, இழைகளுக்கு இடையிலான வெளி சுருங்கும். நான்வோவன் (நெய்யாத் துணி) நீரைப் பெருமளவு பிடித்துவைப்பது அந்த வெளியில். நனைந்த பிறகும் அதைச் சரியவிடாமல் தாங்கிவந்தது விறைப்பான செயற்கை இழை. அதை எடுத்துவிட்டு வலிமையையும் உறிஞ்சுதிறனையும் ஒருசேரக் கேட்கிறார்கள். பம்புக்கும் டிரையருக்கும் கூடுதலாகச் செலவாகும் மின்சாரத்தை எந்த லேபிளும் சொல்லப்போவதில்லை.

பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) விஷயத்தில்தான் அநியாயம் அப்பட்டமாகத் தெரிகிறது. தாவரச் சர்க்கரையிலிருந்து வந்து, பைகோ இழையாகி, அவனில் உருகிப் பிணைக்கக்கூடிய பொருள் அது. அதற்கும் பாலியெஸ்டருக்கும் ஒரே லேபிள். பி.எல்.ஏ. கடலில் எளிதில் மக்காது, உரக்கூடத்தின் 60 டிகிரி வெப்பம் வேண்டும் என்ற மறுப்பு உண்மை. ஆகவே எச்சரிக்கை வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. பாலியெஸ்டரைவிட மேலான ஒன்றைத் தேடி ஆராய்ச்சியில் பணம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே முத்திரை என்றால், இனி யார் போடுவார்கள்? வரம்பு வைத்தால் எல்லோரும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அப்படியானால் வரம்பு வேண்டாம். பிளாஸ்டிக்கின் எடை விகிதத்தை உறையில் அச்சிடச் சொல்லட்டும். எந்த ஆலையும் தன் கலவையை அறியும், சொல்வதில் சிரமமில்லை. உத்தரவை மதிப்பீடு செய்ய ஆணையத்துக்கு 2027 ஜூலை வரை அவகாசம் உண்டு. தன் வழிகாட்டுதலையே ஏறக்குறைய ஓராண்டு தாமதமாகத் தந்த ஆணையம், லேபிளை மாற்றிக்கொள்ள ஆலைகளுக்கு விட்டுவைத்தது சில வாரங்களே.