பட்டை ரொட்டியும் பக்கத்து வீட்டாரின் உரிமையும்



நம் இல்லங்களில் ஓவன் இடம்பெற்ற பின், பேக்கரியில் மட்டுமே கிடைத்துவந்த பல பண்டங்கள் வீட்டிலேயே உருவாகத் தொடங்கிவிட்டன. அவற்றுள் பிள்ளைகளின் மனம் கவர்ந்த ஒன்று, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிச் சுடப்படும் இனிப்பு ரொட்டி. இதனை மேல்நாட்டு மோகம் என்று முகம் சுளிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நம் கவலை வேறு.

பட்டை நமக்கு அந்நியமானதன்று. 1344-இல் புத்தளம் கரையில் இறங்கிய இப்னு பதூதா, வெள்ளம் அடித்துவந்த பட்டை மரங்கள் கடற்கரையெங்கும் குவிந்துகிடந்ததைக் கண்டு எழுதியுள்ளார். மஅபர், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, அதற்கு ஈடாக அரசருக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாக வழங்கினர் என்றும் குறிப்பிடுகிறார். மஅபர் என்பது நம் சோழமண்டலக் கரைக்கு அன்று அரபியர் வழங்கிய பெயர். நம் நெய்ச்சோற்றில் மணக்கும் பட்டைதான் இந்த ரொட்டியிலும் மணக்கிறது.

செய்முறையும் கடினமன்று. அரைக்கிலோ மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 60 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, சிறிது உப்பு, ஏறத்தாழ 240 மில்லி வெதுவெதுப்பான பால் ஆகியவை போதும். ளுஹருக்குப் பின் பிசைந்து மூடிவைத்தால், நம் ஊர் வெப்பத்தில் ஒன்றரை மணி நேரத்திற்குள் மாவு இருமடங்காக உப்பிவிடும். அஸர் தொழுத பின் அதனை விரித்து, வெண்ணெய் தடவி, 100 கிராம் நாட்டுச் சர்க்கரையுடன் இரண்டு மேசைக்கரண்டி பட்டைத்தூளைக் கலந்து தூவிச் சுருட்டி, 12 துண்டுகளாக நறுக்க வேண்டும். அரைமணி நேரம் மீண்டும் உப்பவிட்டு, 180 டிகிரியில் 25 நிமிடம் சுட்டால் மஃரிபுக்கு முன் ஆயத்தமாகிவிடும். பட்டைத்தூளை மாவிலேயே சேர்த்துப் பிசையலாகாது. அது ஈஸ்டின் வேகத்தைக் குறைத்து, மாவு உப்புவதைத் தடுக்கும்.

ஈஸ்டினால் ஐயம் கொள்வோரும் உளர். மாவு புளிக்கையில் சிறிதளவு உண்டாகும் ஆல்கஹால் பெரும்பாலும் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. ரொட்டி போதை தரும் பொருளன்று. வெனிலா எசன்ஸ் சேர்ப்போர் மட்டும் ஆல்கஹால் கலவாததைப் பார்த்து வாங்குவது பேணுதலானது.

இனி நம் கவலைக்கு வருவோம். ரொட்டி வெந்ததும் முதலில் அதன் படம் கைபேசி வழியே உற்றார் உறவினர் அனைவரையும் சென்றடைகிறது. அதன் மணமோ பக்கத்து வீட்டை மட்டுமே சென்றடைகிறது. அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம். கேட்கக் கூச்சப்படும் ஒரு முதியவர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு துண்டும் போய்ச் சேராத நாள்கள் பெருகிவருகின்றன. பலகாரம் செய்தால் பக்கத்து வீட்டுக்குத் தட்டு போவதும், அத்தட்டு வெறுமையாகத் திரும்பாததும் நம் தெருக்களின் வழக்கமாக இருந்ததை நாம் அறிவோம்.

குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குழம்புக்குத் தண்ணீர் என்றால், ரொட்டிக்கு இரண்டு கைப்பிடி மாவு. எந்த வீட்டுக்கு முதலில் என்ற ஐயத்தையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டுத் தெளிவு பெற்றார்கள்: வாசல் மிக அருகில் இருப்பவருக்கே முதலிடம். வாசலுக்கு உரியவர் எம்மதத்தவர் என்பது அங்கே கேள்வியன்று. தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். அண்டை வீட்டார் சைவ உணவினர் எனில், முட்டைக்குப் பதில் சற்றுப் பால் கூட்டிச் செய்து, அதனைச் சொல்லியே கொடுக்கலாம்.

‘ஒரேயொரு துண்டை எப்படிக் கொடுப்பது?’ என்று தயங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாருக்குத் தரும் பொருள் ஆட்டின் குளம்பாயினும் அற்பமாகக் கருதலாகாது என்பதே நமக்குக் கிடைத்துள்ள வழிகாட்டல்.

தட்டைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அண்டை வீட்டார் உரிமையை மதரஸாவில் நாம் பாடமாக நடத்துகிறோம்; பிள்ளைகள் அதனை மனனம் செய்து ஒப்பிக்கவும் செய்கிறார்கள். கதவைத் தட்டி, முகம் மலர்ந்து, சூடான ரொட்டியை நீட்டும்போதுதான் அப்பாடம் அவர்களுடையதாகிறது. பன்னிரண்டில் நான்கு துண்டுகள் வெளியே செல்வதால் எந்த வீட்டிலும் பசி மிஞ்சிவிடாது.

நம் உணவில் பரக்கத்தையும், அதனைப் பகிர்ந்துண்ணும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.