குச்சி செய்யும் வேலை, பசை செய்யும் வேலை

பல் மருத்துவத்தில் ‘இயற்கை’ என்ற அடைமொழி தகுதியும் அல்ல, குறையும் அல்ல. ஒரு பொருள் வாயில் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டியது. மென்று நாராக்கிய வேப்பங்குச்சி முதலில் ஒரு பிரஷ். மருந்து என்பதெல்லாம் பிறகுதான். மிஸ்வாக் எனப்படும் உகா மரக்குச்சியை வைத்து நடந்த பல ஒப்பீடுகளில், முறையாகத் துலக்கியவர்களிடம் பற்படலம் ஏறக்குறைய பிரஷ்ஷுக்கு ஈடாகவே குறைந்தது. ஆனால் கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்குக் குச்சி எளிதில் எட்டாது. அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் இப்படித்தான். 2009இல் வெளியான சென்னை ஆய்வில், ஈறழற்சி இருந்த 20 வளரிளம் சிறுவர்களில் ஒரு பிரிவினர் 10 நாள் எண்ணெய் கொப்பளித்தார்கள். படலமும் அழற்சியும் குறைந்தன. யாருக்கு எது என்பதை மறைத்து நடத்திய ஆய்வு என்கிறது கட்டுரைத் தலைப்பு. வாயில் இருப்பது எண்ணெய் என்று கொப்பளிப்பவருக்குத் தெரியாமலா போகும்? இருந்தாலும், துலக்குவதோடு சேர்ந்த துணைப் பழக்கமாக அதை அனுமதிக்க இந்தச் சான்று போதும். துலக்குவதை நிறுத்திவிட்டுக் கொப்பளிக்கச் சொல்லப் போதாது.

சிக்கல் சொத்தையில்தான். எனாமலுக்குக் கனிமத்தைத் திருப்பிக் கொடுப்பதில் ஃபுளோரைடுக்கு நிகரான சான்று எந்த மூலிகைக்கும் இதுவரை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பற்கள் பழுப்பேறியதைப் பார்த்தவர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அங்கே பாதிப்பு, பல் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்கில் விழுங்கிய தண்ணீரால் வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசையைப் பூசித் துலக்கிவிடுவதை அதோடு ஒப்பிட முடியாது. குச்சியால் துலக்கிய தாத்தாவுக்குச் சொத்தை இல்லையே என்றும் கேட்பார்கள். பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட தேநீருமாக அவர் நாளைக் கழிக்கவில்லை என்பதை அந்தக் கேள்வி விட்டுவிடுகிறது.

கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாமே இயற்கைதான். எனாமலைத் தேய்ப்பதும் அவைதான். பல்பொடியில் புகையிலை கலப்பதை நிறுத்த 1992இல் மத்திய அரசு தடையே போட வேண்டியிருந்தது. மறுபக்கம், கிராம்பின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக நாமே அன்றாடம் வைக்கிறோம். அளவும் இடமும் தெரிந்ததால் அது சிகிச்சை. அதே கிராம்புத் தைலத்தை நீர்க்காமல் ஈறில் தடவினால் புண்.

முழுமை நோக்கு என்பதை மூலிகைப் பட்டியலாகச் சுருக்குவதும் தவறு. ஈறுக்கடியில் இறுகிய காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது. கருவியால்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்துப் பல்சுற்றுத் திசு நோயைக் கட்டுப்படுத்தினால், நீரிழிவு உள்ளவரின் ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகக் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டுகிறது. சித்த மருத்துவரோ பல் மருத்துவரோ, இரத்தச் சர்க்கரை, புகையிலை, தின்பண்டம் இம்மூன்றையும் கேட்டுக் குறிக்காதவர் தம்மை முழுமை நோக்குடையவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நோயாளி எதைக்கொண்டு துலக்குகிறார், எவ்வளவு அழுத்தி, எத்தனை முறை என்பதற்கும் நம் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் வேண்டும்.